இரண்டாவது படகு வேண்டாம், முதல் படகே பெரிது



பதிவு நீளம். படிகளைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதியவனுக்கு வகுப்பில் நான் மதிப்பெண் போட்டதில்லை. அதே விதி எனக்கும் உண்டு. பொறுமையாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள். படிக்காமல் திட்டாதீர்கள்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றி வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். கை சும்மா இருக்கிற இந்த இரண்டு மாதத்தில்தான் கடலூர் முதுநகரிலும் அன்னங்கோயிலிலும் முடசலோடையிலும் ஒரே பேச்சு ஓடும். இருக்கிற படகை விற்றுவிட்டுச் சின்னதாக எடுப்பதா, கடனை உடனை வாங்கி இன்னொன்று சேர்ப்பதா?

எங்கள் குடும்பத்திலும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. ஒரு விசைப்படகு இருக்கிறது. அப்பா வழியில் எனக்கும் அதில் கால் பங்கு உண்டு. அண்ணனுக்கு வயதாகிவிட்டது. அவர் பிள்ளைகள் இருவர்தான் தொழிலுக்குப் போகிறார்கள். பெரியவனுக்கு இரண்டாவது படகு எடுக்க ஆசை. சின்னவனுக்கு இதை விற்றுவிட்டு ஒரு ஃபைபர் படகோடு நிற்க ஆசை. நான் சின்னவன் பக்கம். "சித்தப்பா கரையில உட்கார்ந்துகிட்டுப் பேசுறாரு" என்று குடும்பக் குழுவில் ஒருவர் எழுதினார். சரி, கரையில் இருப்பவனுக்குத்தான் கணக்குப் போட நேரம் இருக்கிறது. கடலில் இருப்பவனுக்கு வலையைப் பார்க்கவே நேரம் போதாது.

குடும்ப விஷயத்தைப் பொதுவில் போடலாமா என்று கேட்பீர்கள். பிள்ளைகள் இருவரிடமும் கேட்டுவிட்டேன். "எழுதுங்க சித்தப்பா, கீழேயே பதில் போடுறேன்" என்றான் பெரியவன். பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்து மாணவர்கள் மூன்று பேரும் இந்த மாதம் இதே கேள்வியோடு போன் செய்தார்கள். ஆகவே இது ஒரு வீட்டுக் கேள்வி மட்டுமல்ல.

முதலில் வட்டிக் கணக்கு.

ஏற்கெனவே ஓடிய ஒரு விசைப்படகை 30 லட்சம் கடனில் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் வங்கி தராது. கொஞ்சம் நகைக்கடன், கொஞ்சம் வீட்டுப் பத்திரம், கொஞ்சம் கைமாற்று, மீதிக்கு ஏலக்காரரிடம் முன்பணம். எல்லாவற்றையும் கலந்து சராசரியாக நூற்றுக்கு ஒன்றரை வட்டி என்றே போடுகிறேன். குறைத்துத்தான் போட்டிருக்கிறேன். மாதம் 45,000. வருடம் 5,40,000.

இனி நாள் கணக்கு. 365இல் தடைக்காலம் 61 போனால் 304. வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 40-க்கு மேல் போகும். ஐப்பசி, கார்த்திகையில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறும் நாட்கள், எஞ்சின் படுத்த நாட்கள், ஊரில் சாவு, மாசி மகம், திருவிழா என்று இன்னும் 80. மிஞ்சுவது 180 நாள் சொச்சம். 5,40,000ஐ 180ஆல் வகுத்தால் 3,000.

அதாவது ஒவ்வொரு தொழில் நாளும் கயிற்றை அவிழ்க்கும்போதே 3,000 ரூபாய் மீன் வட்டிக்காரருக்கு எழுதி வைத்தாகிவிட்டது. டீசல் இனிமேல்தான். ஐஸ் இனிமேல்தான். ஆள் பேட்டா, சாப்பாடு, ஏலக் கமிஷன் எல்லாம் இனிமேல்தான். இவ்வளவும் கழித்த பிறகு வருவதில்தான் படகுப் பங்கு, ஆள் பங்கு. அசல் 30 லட்சம் அப்படியே நிற்கிறது. அதை நான் இன்னும் தொடவேயில்லை.

கடலில் மீன் முட்டையிடட்டும் என்று 61 நாள் படகை நிறுத்துகிறோம். கடனுக்குத் தடைக்காலம் கிடையாது. அந்த இரண்டு மாதத்தில் மட்டும் வட்டி 90,000 குட்டி போடும். அரசு தருகிற தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட விடை சொல்லும்.

"ஒன்னு படுத்தா இன்னொன்னு ஓடும்ல சித்தப்பா" என்கிறான் பெரியவன்.

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இரண்டு படகும் ஒரே கடலில்தான் ஓடும். ஒரே காற்று, ஒரே டீசல் விலை, ஒரே தடைக்காலம், ஒரே ஏலக்கூடம். மீன்பாடு இல்லாத மாதம் இரண்டுக்குமே இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்தபோதும், 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோதும், ஒரு படகு வைத்திருந்தவனை விட்டுவிட்டு இரண்டு வைத்திருந்தவனைப் பிடிக்கவில்லை, எல்லோரையும் பிடித்தது. இரண்டு வைத்திருந்தவனுக்கு நஷ்டம் இரண்டு மடங்கு, அவ்வளவே. ஆபத்தைப் பிரித்து வைப்பது என்றால் ஒரு கால் கடலிலும் ஒரு கால் வேறு பிழைப்பிலும் இருக்க வேண்டும். பெரியவன் மகள் சிதம்பரத்தில் படிக்கிறாள். அவள் படிப்பு முடிவதுதான் இந்த வீட்டுக்கு உண்மையான இரண்டாவது படகு. அந்தப் பிள்ளைக்கு என்று வைத்த நகையைத்தான் இப்போது அடகுக்குக் கேட்கிறார்கள்.

அடுத்தது ஆள் கணக்கு. இதை யாரும் போடுவதில்லை.

சுனாமிக்குப் பிறகு நம் கரையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். உதவி செய்ய வந்தவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் எல்லோருக்கும் படகு கொடுப்பதுதான் உதவி என்று நினைத்தார்கள். கட்டுமரம் போய் ஃபைபர் வந்தது. பல ஊர்களில் சுனாமிக்கு முன்னால் இருந்ததைவிட அதிகப் படகுகள் கரையில் நின்றன. நேற்றுவரை பங்குக்குப் போனவன் இன்று சொந்தப் படகுக்காரன். சந்தோஷம்தான். ஆனால் எல்லோரும் முதலாளி ஆனால் படகில் ஏறுவது யார்? ஆள் கிடைக்காமல் படகுகள் மணலில் வெயிலில் வெடித்தன.

அந்தப் பாடத்தை 20 வருடத்தில் மறந்துவிட்டோம். எங்கள் வீட்டில் கடலுக்குப் போகும் ஆட்கள் இருவர், கைகள் நான்கு. இரண்டாவது விசைப்படகில் எங்கள் ஆள் ஒருவர்கூட இருக்க முடியாது, அல்லது இரண்டிலும் ஒவ்வொருவர் தனியாக. டிரைவருக்கு முன்பணம், ஆட்களுக்கு முன்பணம். முன்பணம் வாங்கியவர் வேறு படகுக்குப் போய்விட்டால் தேடிப்போய்ச் சண்டை. படகு வைத்திருப்பவன் ஆள் பிடிப்பவன் ஆகிவிடுகிறான். என் அளவுகோல் எளிது: வீட்டில் கடலுக்குப் போகும் கைகளை எண்ணுங்கள். அந்தக் கைகள் ஓட்டக்கூடியதுதான் உங்கள் படகு. அதற்கு மேல் இருப்பது சொத்து அல்ல, சுமை.

இப்போது மீன் கணக்கு.

நிறைய மடி இழுத்தால் நிறைய மீன் என்பது கடல் சும்மா கிடந்த காலத்துக் கணக்கு. இன்றைக்கு இழுவை மடியில் வருவதைத் தரம் பிரித்துப் பாருங்கள். இறாலும் கணவாயும் ஒரு பக்கம் கொஞ்சம். மறுபக்கம் மலைபோலக் கிடப்பது கோழித்தீவனத்துக்குப் போகும் சங்காயம். அதில் பாதி நாளைக்கு நல்ல விலை போயிருக்க வேண்டிய குஞ்சு. அந்தக் குவியலைப் பார்க்கும்போது எனக்கு, விதைநெல்லைக் குத்திக் கஞ்சி காய்ச்சுகிற வீடுதான் ஞாபகம் வரும்.

கேரளத்தில் மத்தி மீனுக்கு என்ன ஆனது? 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் பிடித்தார்கள். 2021இல் 3,500 டன்கூட வரவில்லை. கடல் சூடானது ஒரு காரணம், குஞ்சோடு அள்ளியது இன்னொரு காரணம். மத்தி பிறகு திரும்பவும் வந்தது, உண்மை. ஆனால் அது வராத ஆண்டுகளில் கடன்காரர் வராமல் இருந்தாரா? சின்னப் படகுக்காரன் வேறு வலை போட்டுத் தாக்குப்பிடிக்கலாம். பெரிய முதல் போட்டவனுக்கு அந்த வசதி இல்லை.

இன்னும் பெரிய பாடம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. காட் என்ற மீனை நம்பி நானூறு, ஐந்நூறு வருடம் வாழ்ந்த கரை அது. பெரிய பெரிய கப்பல்களைக் கொண்டுவந்து அள்ளினார்கள். 1992 ஜூலையில் மீன் இல்லை என்று அரசே தொழிலை நிறுத்தியது. சுமார் 30,000 பேருக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. இரண்டு வருடத்துக்குத்தான் என்றார்கள். தடையை விலக்க 2024 ஆயிற்று. 32 வருடம்! நிறுத்தியபோது இருபது வயதில் இருந்தவன் பேரன் எடுத்திருப்பான்.

"நாம வாங்கலன்னா பக்கத்து வீட்டுக்காரன் வாங்குவான். அவன் அள்ளுறத நாம ஏன் விடணும்?"

எல்லாவற்றையும்விட வலுவான கேள்வி இதுதான். இதற்குப் பதில் சொல்லாமல் "கடல் தாயைக் காப்போம்" என்று நான் பாடம் நடத்தினால் என்னை எழுந்து போகச் சொல்லலாம். எச். ஸ்காட் கார்டன் என்ற பொருளியல் அறிஞர் 1954இலேயே இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார். எல்லோருக்கும் பொதுவான கடலில், லாபம் இருக்கும்வரை புதுப் படகு வந்துகொண்டே இருக்கும். வருவதும் செலவதும் சமம் ஆகும்வரை நிற்காது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கூட்டம் சேர்ந்த பிறகு கடைசியாக வருபவனுக்கு லாபம் மிச்சம் இருக்காது. நாம் இப்போது கடைசியாக வருபவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினால் நாமும் வாங்க வேண்டும் என்பது, அவர் கிணற்றில் இறங்கினால் நாமும் இறங்க வேண்டும் என்பதுபோல. அவர் பிடிக்கும் மீனை நம்மால் தடுக்க முடியாது. அவர் கட்டும் வட்டியை நாமும் கட்டாமல் இருக்க முடியும்.

கடன் மனிதனை என்ன செய்ய வைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சுருக்குமடி வலையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசு 2000ஆம் ஆண்டே தடை செய்தது. இருந்தும் ஆட்கள் சேர்ந்து பங்கு போட்டு, பல லட்சம் ரூபாய் வலையில் இறக்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2023 ஜனவரியில் வந்த இடைக்கால உத்தரவு 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று அனுமதித்தது. வாரத்துக்கு இரண்டு நாள், பகலில் மட்டும் ஓடும் வலைக்குக் கடனோ ஏழு நாளும் இரவும் பகலும் ஓடுகிறது. அப்புறம் விதியை மீறாமல் என்ன செய்வான்? மீறினால் பறிமுதல், மறியல், ஊருக்கும் ஊருக்கும் பகை. ஒரே கடலம்மாவைக் கும்பிடுகிற ஊர்கள் இந்த வலைக்காக வெட்டிக்கொண்டதை நாம் பார்த்தோம். அந்த மனிதர்கள் கெட்டவர்கள் அல்ல; அவர்களில் சிலர் என் மாணவர்கள், நல்ல பிள்ளைகள். அவர்களைக் கரையில் நிம்மதியாக உட்காரவிடாதது போட்ட முதல். எங்கள் பிள்ளைகளை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனமில்லை.

"அப்ப இன்னும் பெருசாப் போவோம், ஆழ்கடலுக்குப் போவோம். மானியம் இருக்கே?"

இருக்கிறது. 2017இல் பாக் நீரிணைப் பகுதி இழுவைப் படகுகளை மாற்றி ஆழ்கடல் சூரைப் படகு தரும் திட்டம் வந்தது. படகு விலை 80 லட்சம். மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம். ஆக 56 லட்சம் இனாம். மீனவர் கையிலிருந்து 8 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம். மூன்று வருடத்தில் 2,000 படகு என்பது இலக்கு. ஆண்டுகள் பல போயும் அதில் சிறு பங்குதான் கடலில் இறங்கியது. பத்தில் ஏழு பங்கை இனாமாகக் கொடுத்தும் ஏன் ஜனங்கள் வரிசையில் நிற்கவில்லை? படகு வாங்குவது ஒரு நாள் செலவு, ஓட்டுவது தினசரிச் செலவு என்று அவர்களுக்குத் தெரியும். ஆழ்கடல் என்பது வேறு வலை, வேறு பழக்கம், நாள் கணக்கில் வீட்டைப் பிரிவது, நல்ல குளிர்சாதனம், சூரைக்குச் சரியான சந்தை. இவ்வளவும் இல்லாமல் பெரிய படகு மட்டும் இருந்து பயனில்லை.

நம் கரையைப் பாருங்கள். அன்னங்கோயிலில் வெள்ளாற்று முகத்துவாரம் தூர்ந்துபோவது இன்று நேற்றுப் பிரச்சினை அல்ல. மணல் மேட்டில் தட்டிப் படகு கவிழ்வதும், தூர்வாரச் சொல்லி மனு கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. வாய் சிறுத்துக்கொண்டே போகிற ஆற்றில் பெரிய பெரிய படகாகக் கொண்டுவந்து கட்டுவது என்ன புத்தி? ஃபைபர் படகுக்கு இடுப்பளவு தண்ணீர் போதும். புயல் என்றால் டிராக்டர் வைத்து இழுத்து மேட்டில் போட்டுவிடலாம்.

கௌரவம் என்று ஒன்று சொல்கிறார்கள். "பெரிய போட்டு வித்துட்டு ஃபைபருக்கு வந்துட்டாங்கன்னு ஊரு பேசும், பொண்ணு குடுக்க யோசிப்பாங்க." மாப்பிள்ளை வீட்டுப் படகை எண்ணுகிறவர்கள் அந்தப் படகின் மேல் இருக்கும் கடனையும் எண்ணட்டும். ஊர் ஒரு வாரம் பேசும். வட்டி பத்து வருடம் பேசும்.

இப்போது படகில் வேலை செய்பவர்கள் என்ன ஆவார்கள்? இது நியாயமான கேள்வி. அவர்களில் ஒருவர் எங்களோடு 15 வருடமாக இருக்கிறார். ஆள் பற்றாக்குறை உள்ள துறைமுகத்தில் அனுபவசாலிக்கு இடம் கிடைக்கும். இருந்தாலும் விற்கிற பணத்தில் முதல் செலவு அவர்கள் கணக்கைத் தீர்ப்பதாக இருக்க வேண்டும். ஃபைபரில் ஒரு பங்கு அந்தப் பதினைந்து வருடக்காரருக்கு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் யோசனையைச் சொல்லி முடிக்கிறேன்.

விசைப்படகை இந்தத் தடைக்காலத்திலேயே விற்றுவிட வேண்டும். பலகை மாற்ற, எஞ்சின் இறக்க என்று இன்னொரு நான்கு லட்சம் போடுவதற்கு முன்னால். பழைய பாக்கிகளைத் தீர்க்க வேண்டும். மிச்சத்தில் ஒரு ஃபைபர் படகு, டீசல் எஞ்சினோடு. மோட்டார் நாட்டுப்படகுக்கு அரசு வருடத்துக்கு 4,400 லிட்டர் வரி நீக்கிய டீசல் தருகிறது. 180 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 24 லிட்டர். அதையே அளவுக்கோலாக வைத்துத் தூரம் போகப் பழக வேண்டும். பருவத்துக்கு ஒன்றாக மூன்று வலை: நண்டுக்கு ஒன்று, கவளைக்கு ஒன்று, பெரிய மீனுக்குக் கண்ணி அகலமான செவுள் வலை ஒன்று. நல்ல ஐஸ் பெட்டி ஒன்று. ஏலக்காரரிடம் ஒரு ரூபாய் முன்பணம் வாங்கக் கூடாது. இதுதான் உயிர்நாடி. முன்பணம் வாங்கியவன் மீனுக்கு அவன் விலை சொல்ல முடியாது.

காலையில் பிடித்தது மதியத்துக்குள் விற்க வேண்டும். விசைப்படகு வந்ததிலிருந்து எங்கள் வீட்டுப் பெண்கள் மீனைத் தொடுவதில்லை. மொத்தமாக வியாபாரிக்குப் போகிறது, பணம் ஆண்கள் கைக்கு வருகிறது, வருகிற வழியில் கரைகிறது. என் அம்மா கூடையில் மீன் விற்ற காசில்தான் நான் வாத்தியாருக்குப் படித்தேன். சின்னப் படகு என்றால் அந்த வரவு மறுபடியும் பெண்கள் கைக்கு வரும். அண்ணிக்கும் இதில் சம்மதம். கூட்டத்தில் அவரிடம் யாரும் கேட்கவில்லை, நான் கேட்டேன்.

"சரி, பெருசை வித்துட்டு ரெண்டு ஃபைபரா எடுப்போம்" என்று நடுவில் ஒரு சமாதானம் வந்திருக்கிறது. வேண்டாம். மறுபடியும் கைகளை எண்ணுங்கள்.

வருமானம் குறையுமா? நல்ல மாதங்களில் குறையும். மறைக்கவில்லை. ஆனால் கெட்ட மாதத்தில் வீடு இருக்கும், நகை இருக்கும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் இருக்கும். கூண்டு ஏறிய நாளில் "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்காரும் சுதந்திரம் இருக்கும். கடன்காரப் படகுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. காற்றைப் பார்த்துப் போக வேண்டியவன் தவணைத் தேதியைப் பார்த்துப் போகிறான். அப்படிப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை.

பெரியவனுக்கு ஒரு வார்த்தை. உன் உழைப்பின் மேல் எனக்கு ஐயம் கிடையாது. ஊரில் உன்னைப்போல் வலை பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தத் திறமை வட்டிக்காரருக்குச் சேவகம் செய்வதைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது படகுக்கான பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஃபைபர் படகு எடுப்பதானால், விற்பதில் வரும் என் கால் பங்கு முழுவதையும் அதில் போடுகிறேன். வட்டி வேண்டாம், தவணை வேண்டாம். வாரம் ஒருநாள் குழம்புக்கு மீன் கொடுத்தால் போதும்.

உன் கணக்கை எழுது. படிகளோடு எழுது. என் கணக்கில் எந்த வரி தவறு என்று காட்டினால் ஜூன் 14க்குள் பேசிக்கொள்வோம்.

மற்ற மாணவர்களும் உறவினர்களும் உங்கள் வீட்டுக் கணக்கையும் போட்டுப் பார்த்துக் கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார் (ஓய்வு)
கடலூர் முதுநகர்